வண்டிக்கு விளக்கெண்ணெய் ஊற்றிய கதை

நான் ஊருக்கு வருகிறேன் என்று தெரிந்தால், எங்கள் வீட்டில் முதல் வேலையாக விளக்கெண்ணெய் பாட்டிலை எடுத்து ஒளித்து வைத்துவிடுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பயந்து அல்ல, எனக்குப் பயந்து. கண்ணில் பட்டால் எதிலாவது ஊற்றிவிடுவேனாம்.

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். (என் அப்பா நைனாவும் ஒரு முறை நுழைந்திருக்கிறார். கூரைக்கு ஓலை மாற்ற.) உத்திரமேரூரில் பள்ளியை முடித்து, காஞ்சிபுரத்தில் கல்லூரிக்குப் போய், பி.எஸ்சி. இயற்பியல் கடைசி ஆண்டு வரைக்கும் வந்துவிட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் புத்தகத்தின் அட்டை எல்லோருக்கும் தெரியும்படி மார்போடு பிடித்துக்கொண்டுதான் ஊருக்குள் நடப்பேன். உர மூட்டையில் இருக்கும் இங்கிலீஷை யாராவது படிக்கச் சொன்னால், ஒரு வரிக்கு மூன்று வரி விளக்கம் சொல்வேன். அந்தப் பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது என் தலைக்கனம் இன்னும் கூடியிருந்தது. செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். உயரமான கண்ணாடிக் குழாயில் எண்ணெய் நிரப்பி, அதற்குள் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகளைப் போட்டு, அவை இறங்கும் வேகத்தைக் கணக்கிடும் சோதனை அது. அதை வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு முறை விளக்கினேன். நைனா மரியாதையாகக் கேட்டுவிட்டு, "குண்டு வெளிய வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

நைனா அப்போது மாட்டு வண்டியை விட்டுவிட்டு, மூக்கு தட்டையான ஒரு பழைய வேனுக்கு மாறியிருந்தார். வார நாளில் கத்திரிக்காயும் வாழைக்காயும் ஏற்றுவார், விசேஷ நாளில் மனிதர்களை ஏற்றுவார். மனிதர்களும் இறங்கும்போது கத்திரிக்காய் வாசனையோடுதான் இறங்குவார்கள். மாடு கட்டியிருந்த கொட்டகையில்தான் வேன் நின்றது. மாட்டுப் பொங்கல் வந்தால் அதற்கும் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் உண்டு. பழைய மாட்டின் கழுத்து மணியைக் கூட முன்னால் கட்டிவிடுவார்.

இனி அத்தை. கன்னியம்மா அத்தை நைனாவுக்கு அக்கா. ஐயங்கார்குளத்தில் வாழ்க்கைப்பட்டவள். அந்தப் பொங்கலுக்குத் தன் மகன் ஏகாம்பரத்தையும் கூட்டிக்கொண்டு, ஒரு தீர்மானத்தோடு வந்திருந்தாள்.

"ஏண்டா கோயிந்து, பொட்டப் புள்ளைய இன்னும் எத்தினி நாளுக்கு பஸ்ஸுல அனுப்பிக்கினு இருப்ப? பரீச்ச முடிஞ்சதும் ஒரு தேதிய பாரு. என் புள்ளைக்கு இன்னா கொற?"

ஏகாம்பரத்துக்கு ஒரு குறையும் இல்லை. நல்லவன். நானும் அவனும் ஒரே வயது, ஒரே ஏரியில் விழுந்து எழுந்தவர்கள். ஆனால் நான் மெட்ராஸ் போய் எம்.எஸ்சி. படிக்க ஆசைப்பட்டேன். நைனாவுக்கு அக்காவிடம் 'மாட்டேன்' என்று சொல்லிப் பழக்கம் இல்லை. என்னிடமும் இல்லை. ஆகவே யார் பேசினாலும் எழுந்து போய் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வேன்தான் போகிப் பண்டிகைக்கு முன்னால் மக்கர் பண்ணியது. கிளட்ச் பெடலிலிருந்து கீழே போகும் மெல்லிய ஆயில் குழாய் ஓரிடத்தில் ஒழுகியது. உத்திரமேரூர் ஒர்க்‌ஷாப்பில் அதைப் பற்ற வைத்துக் கொடுத்தார்கள். "ஆயில ஊத்தி ஏர் எடுத்துக்கோ" என்று ஒரு டப்பா ஆயிலையும் கையில் கொடுத்துவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு பொங்கலுக்குச் சொந்த ஊர் போய்விட்டார்கள். நைனாவும் ஏகாம்பரமும் வேனை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, குழாயை மாட்டி, ஆயிலை ஊற்றினார்கள். ஒழுகல் நின்றுவிட்டது. ஆனால் கிளட்ச்சை மிதித்தால் பெடல் தொபுக்கென்று தரையில் போய்ப் படுத்துக்கொண்டது. கையால் தூக்கி நிமிர்த்த வேண்டியிருந்தது. கியர் விழவே இல்லை.

விடிந்தால் மாட்டுப் பொங்கல். திருமுக்கூடலில் சாமி ஆற்றைக் கடந்து வருகிற நாள். குடும்பத்தோடு வேனில் போவதாக அத்தையிடம் நைனா தை பிறப்பதற்கு முன்பே சொல்லி வைத்திருந்தார். காலையில் சந்தனமும் மாலையுமாக வேன் மாப்பிள்ளை போல நின்றது, ஆனால் நகரவில்லை.

அத்தை அரக்கு நிறப் பட்டுப் புடவையில் வந்து நின்றாள். அவளுடைய கல்யாணப் புடவை.

"உன் பொண்ணு காத்து, தண்ணி, கரண்டு எல்லாத்தையும் கரச்சி குடிச்சவளாமே? இத்த ஓட வெக்கட்டும். நாம திருமுக்கூடல் போயிட்டு நல்லபடியா வூட்டுக்கு வந்து சேந்துட்டா, அவ மெட்ராஸ் போவட்டும், நா வாயே தொறக்க மாட்டேன். இல்லாங்காட்டி இன்னிக்கே பூ வெச்சிட்டுதான் கெளம்புவேன்."

நைனா என்னைப் பார்த்தார். நான் தாவணியை இழுத்துச் செருகினேன்.

முதலில் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். (இந்த இடத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.) திரவத்தை அமுக்க முடியாது, ஒரு முனையில் அழுத்தினால் அந்த அழுத்தம் மறுமுனைக்கு அப்படியே போய்ச் சேரும், ஆனால் காற்றை அமுக்க முடியும், குழாயைக் கழற்றி மாட்டியபோது உள்ளே காற்று புகுந்துவிட்டது, நாம் மிதிக்கிற மிதியெல்லாம் அந்தக் காற்றை அமுக்குவதிலேயே வீணாகிறது, அதனால்தான் கிளட்ச் விலகவில்லை என்று நல்ல தமிழில் சொன்னேன். அது முழுக்க முழுக்கச் சரி. அன்று நான் சொன்னதில் சரியாக இருந்த கடைசி விஷயமும் அதுதான்.

"அதாவது மாட்டுக்கு வயிறு ஊதிக்கினா மாதிரி," என்றார் நைனா.

"அதேதான் நைனா."

காற்றை வெளியேற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே பெடலை மிதிக்க, ஒருவர் கீழே குழாயின் கடைசியில் இருக்கும் சின்ன நிப்பிளைத் திறந்து மூட. ஏகாம்பரம் மேலே உட்கார்ந்தான். நான் கோணியை விரித்து, ஸ்பேனரோடு வேனுக்கு அடியில் போனேன். வெளியே என் பாதம் மட்டும் தெரிந்திருக்கும். தெருவே கூடிவிட்டது. கொம்புக்கு வர்ணம் அடித்த மாடுகள் கூட வேடிக்கை பார்த்தன.

"மிதி!"

மிதித்தான். நிப்பிளைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்றும் ஆயிலும் வந்தன.

"விடு!"

விட்டான். நிப்பிளை மூடினேன்.

"மிதி! விடு! மிதி! விடு! இன்னும் நல்லா மிதி! சொன்னாதான் விடணும், உன் இஷ்டத்துக்கு விடாத!"

அத்தை அம்மாவிடம் சொல்வது மேலிருந்து கேட்டது. "பாத்தியாடி கூத்த? கட்டிக்கப் போறவன, தாலி ஏறறதுக்கு முன்னாடியே மிதி, விடுன்னு மெரட்டிக்கினு கீறா. அவனும் ஆடிக்கினு கீறான்."

"இன்னும் புடிச்சிக்கினு இருக்கணுமா?" என்று ஏகாம்பரம் பரிதாபமாகக் கேட்டான்.

"வாய மூடிக்கினு மிதி!"

வெயில் ஏறியது. எத்தனை மிதித்தாலும் பெடல் சோறு இல்லாதவன் போலவே கிடந்தது. நான் காதைக் கிட்டே கொண்டுபோனபோதுதான் கேட்டேன். ஏகாம்பரம் காலை எடுத்ததும் நிப்பிள் 'ஸ்ஸ்' என்று உறிஞ்சியது. அவன் காலை விட்ட பிறகு நான் மூடியதால், வெளியே போன காற்று அவ்வளவும் அதே வழியாகத் திரும்ப உள்ளே போய்க்கொண்டிருந்தது. காலையிலிருந்து நாங்கள் வேனுக்கு மூச்சுப் பயிற்சிதான் கொடுத்திருக்கிறோம்! அவன் கால் அழுத்திக்கொண்டிருக்கும்போதே மூட வேண்டும், அப்புறம்தான் அவன் காலை எடுக்க வேண்டும். இதை நானே கண்டுபிடித்தேன் என்பதால் அடியிலிருந்து சந்தோஷமாகக் கத்தினேன்.

"தெரிஞ்சி போச்சு! இனிமே மிதி, புடி, அப்புறம் விடு!"

"அது சரி சரசு," என்றார் நைனா, மேலே ஆயில் ஊற்றுகிற கிண்ணத்தை எட்டிப் பார்த்து. "ஆயில் கீதா?"

இல்லை. டப்பா ஆயில் மொத்தமும் என் தலைமுடியிலும் கோணியிலும் இருந்தது. மாட்டுப் பொங்கலன்று உத்திரமேரூரில் எந்தக் கடை திறந்திருக்கும்? காஞ்சிபுரம் போனாலும் பூட்டுதான் தொங்கும்.

அத்தை பூச்சரத்தை வாழையிலையிலிருந்து வெளியே எடுக்க ஆரம்பித்தாள்.

பயம் வந்தால் எனக்கு இங்கிலீஷ் வரும். காலி டப்பாவை எடுத்து அதன் மேல் எழுதியிருந்ததை உரக்கப் படித்தேன். எண்ணெயில் ஒன்றும் அழுக்கு சேரக் கூடாது என்றது ஒரு வரி. இன்னொரு வரி, இந்தத் திரவம் விளக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்டது என்றது. அதற்குக் கீழே இன்னும் பொடி எழுத்தில் நிறைய இருந்தது. படிக்கவில்லை. விடையைக் கண்டுபிடித்துவிட்டால் கேள்வித்தாளின் மிச்சத்தை யார் படிப்பார்கள்?

"நைனா! இதுல இருக்கறது வெளக்கெண்ணெதான்!"

நைனாவின் முகம் மலர்ந்ததை நான் மறக்கவே மாட்டேன். "அட! மாட்டுக்கு வயிறு ஊதிக்கினா நாமளும் அதத்தான ஊத்துவோம்!" என்றார். விஞ்ஞானமும் மாட்டு வைத்தியமும் ஒரே முடிவுக்கு வந்துவிட்ட பிறகு, அங்கே யாரும் சந்தேகப்படவில்லை. அம்மாவைத் தவிர. வரப்பில் விளைந்த ஆமணக்கை வறுத்து, இடித்து, தன் கையால் காய்ச்சி வைத்த எண்ணெய் அது.

"எத்தினி மொறம் இடிச்சி வெச்சிகீறேன்! வண்டிக்கு ஊத்தறதுக்கா?"

"வண்டிக்கு ஒடம்பு சரியில்லம்மா."

வெள்ளைத் துணியில் வடிகட்டி (அழுக்கு சேரக் கூடாதல்லவா) ஊற்றினேன். அது இறங்கவே நேரம் எடுத்துக்கொண்டது. உச்சி வெயிலில் ஏகாம்பரம் மிதித்தான், பிடித்தான், விட்டான். கடைசியில் அடியில் குமிழே இல்லாமல் மஞ்சளாக, கொழகொழவென்று எண்ணெய் வந்தது. பெடல் கல் மாதிரி நின்றது. நைனா ஏறி உட்கார்ந்து, மிதித்து, கியரைப் போட்டார். விழுந்தது. வேன் கழுத்து மணியை ஆட்டிக்கொண்டு கொட்டகையை விட்டு வெளியே வந்தது.

தெருவில் கைதட்டினார்கள். வண்டிக்குப் பேதி கொடுத்துச் சரி பண்ணிவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அத்தை பூச்சரத்தைத் திரும்ப வாழையிலையில் மடித்து, முன் சீட்டில் நைனாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். நானும் அம்மாவும் ஏகாம்பரமும், தெருவில் இடம் கேட்ட அத்தனை பேரும் பின்னால் ஏறிக்கொண்டோம். வழியெல்லாம் நான் மெட்ராஸ் ஹாஸ்டலுக்கு எந்தப் பெட்டியை எடுத்துப் போவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

"மாமா, பெடல் ரொம்ப மெதுவா எழுந்துக்குதே?" என்று ஏகாம்பரம் நடுவில் ஒரு முறை கேட்டான்.

"அது நிதானம்," என்றேன் நான்.

திருமுக்கூடலில் ஆற்று மணல் முழுக்கத் தலைகள். சாமி தண்ணீரைக் கடந்து வந்ததைப் பார்த்தோம், கன்னத்தில் போட்டுக்கொண்டோம். நான் மட்டும் மெட்ராஸுக்காகச் சாமிக்கு நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன். அது கொஞ்சம் அவசரம்.

திரும்பும்போது பொழுது சாய்ந்து, ஆற்றுக் காற்று சில்லென்று வீசியது. நைனா கிளட்ச்சை மிதித்து, கியரைப் போட்டு, காலை எடுத்தார். வேன் போகவில்லை. ஆக்சிலேட்டரைக் கொடுத்தார். எஞ்சின் கத்தியது, வேன் அப்படியே நின்றது.

"இன்னாடா பேஜாரு இது," என்று இன்னும் கொஞ்சம் கொடுத்துவிட்டு, காரணம் கேட்க என் பக்கம் திரும்பினார். அந்த நேரம் பார்த்து வேன் திடீரென்று நினைவு வந்தது போல ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து, எதிரே சாத்தி வைத்திருந்த கரும்புக் கட்டுகளில் போய் முட்டி நின்றது. நல்லவேளை, கரும்புக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார்.

மறுபடி மிதித்தார், விட்டார். வேன் நின்றது, யோசித்தது, அப்புறம் பாய்ந்தது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் முன்னால் கட்டிய மணி அடித்தது. ஜனங்கள் மணிச் சத்தத்தைக் கேட்டு, பக்தியோடு வழி விட்டார்கள்.

நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நைனாவின் கால் மேலே வந்த பிறகும் பெடல் சாவகாசமாக எழுந்து வருவதைப் பார்த்தேன். எங்கேயோ பார்த்த வேகம் அது. கண்ணாடிக் குழாய். அதற்குள் அவசரமே இல்லாமல் இறங்கும் இரும்புக் குண்டு. நான் முழு மதிப்பெண் வாங்கிய அந்தச் சோதனைக்குக் கல்லூரியில் ஊற்றியிருந்தது என்ன எண்ணெய் தெரியுமா? விளக்கெண்ணெய். குண்டு வேகமாக விழுந்துவிட்டால் கணக்கிட முடியாது, அதனால் இருப்பதிலேயே மந்தமான எண்ணெயாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்தால் இன்னும் மந்தமாகும் என்று பக்கம் பக்கமாக எழுதியவள் நான். மெல்லிய குழாய்க்குள் ஓடிப்போய் உடனே திரும்ப வேண்டிய வேலைக்கு, நகரவே மாட்டேன் என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட எண்ணெயை வடிகட்டி ஊற்றியிருக்கிறேன்!

"நைனா, மிதிக்காதீங்க!" என்று கத்தினேன்.

நைனாவுக்கு அது "மிதி, விடு" வரிசையில் இன்னொரு கட்டளையாகப் பட்டதோ என்னவோ, பயத்தில் இரண்டு காலாலும் சேர்த்து மிதித்தார். பற்ற வைத்த இடம் எவ்வளவுதான் தாங்கும்? டப்பென்று ஒரு சத்தம். பெடலுக்குப் பக்கத்திலிருந்து விளக்கெண்ணெய் ஊசி போலப் பீறிட்டது. அழுத்தம் நான் காலையில் சொன்ன விதிப்படியே கொஞ்சமும் குறையாமல் போய்ச் சேர்ந்தது. அரக்குப் பட்டுப் புடவையின் மடியில்.

அத்தை பூப் பொட்டலத்தை எடுத்து அந்த எண்ணெய் மடியிலேயே வைத்துக்கொண்டாள். அதுதான் பயமாக இருந்தது.

வேனை மாடு பூட்டி இழுத்துப் போகலாம் என்று நைனா பக்கத்துத் தெருவில் போய்க் கேட்டார். "மாட்டுப் பொங்கல்ல எவனாவது மாட்டப் பூட்டுவானாய்யா?" என்று திட்டி அனுப்பிவிட்டார்கள். (நைனாவுக்கும் அது தெரியும். மனுஷன் அன்றைக்கு நிதானத்தில் இல்லை.) வருஷம் முழுக்க உழைத்த மாடுகளெல்லாம் மாலையோடு அசை போட்டுக்கொண்டு பார்க்க, மாலை போட்ட வேனை நாங்கள் எல்லோருமாகத் தள்ளிக்கொண்டு போய் ஓரமாக நிறுத்திவிட்டு, உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறினோம். நிற்கவே இடமில்லாத அந்த பஸ்ஸில் அத்தையைச் சுற்றி மட்டும் தாராளமாக இடம் இருந்தது. விளக்கெண்ணெய் வாசனை அப்படிப்பட்டது.

நான் தோற்றுவிட்டேன். வேன் நல்லபடியாக வீடு வந்து சேரவில்லை. அத்தையின் மடியில் வாழையிலைப் பொட்டலம் இருந்தது. பூ வாடியிருந்தாலும் பூதான். அவள் எப்போது அதைப் பிரிப்பாள் என்று பார்த்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றேன்.

அத்தை பொட்டலத்தைப் பிரித்தாள். எண்ணெயில் ஊறிய பூவை எடுத்துப் பார்த்தாள். ஏகாம்பரத்தைப் பார்த்தாள். மிதித்து மிதித்து வீங்கிப்போன வலது காலைத் தூக்கி இன்னொருத்தர் மூட்டை மேல் வைத்துக்கொண்டு, அவன் தூங்கிக்கொண்டிருந்தான். பூவை ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள்.

"கோயிந்து."

"சொல்லுக்கா."

"ஒம் பொண்ண மெட்ராஸுக்கே அனுப்பிடு."

"அக்கா, வண்டிதான் வூடு வந்து சேரலியே..."

"அதுக்குதான்டா சொல்றேன். ஒரு நாளு வண்டிய கைல குடுத்ததுக்கே இந்த கெதி. இவகிட்ட ஒரு வூட்ட குடுத்தா இன்னா ஆவறது? எம் புள்ள மிதிச்சே செத்துப் பூடுவான். எம்மாந் தூரம் முடியுமோ அம்மாந் தூரமா அனுப்பு. மெட்ராஸுக்கு அப்பால ஊரு எதனா இருந்தாலும் பாரு."

ஏகாம்பரம் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். சிரித்தான். அப்படியே மறுபடி மூடிக்கொண்டான்.

பொங்கல் முடிந்து ஒர்க்‌ஷாப் திறந்ததும், குழாயைத் திரும்பப் பற்ற வைத்து, உள்ளே எல்லாவற்றையும் கழுவி, சரியான ஆயிலை ஊற்றினார்கள். ஏர் எடுக்கும்போது மிதி, புடி, விடு என்று நான்தான் அடியில் படுத்துக்கொண்டு சொன்னேன். வேன் அதற்குப் பிறகு பல காலம் ஓடியது. அதை ஏகாம்பரம்தான் ஓட்டினான். நான் மெட்ராஸ் போனேன், எம்.எஸ்சி. முடித்தேன், இப்போது ஒரு கல்லூரியில் அதே கண்ணாடிக் குழாயில் அதே எண்ணெயை ஊற்றிக் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். மாணவிகள் குண்டு மெதுவாக இறங்குகிறது என்று அலுத்துக்கொள்ளும்போது, நான் ஜன்னல் பக்கம் போய்விடுவேன்.

அத்தை அந்தப் புடவையைத் தூக்கி எறியவில்லை. அரப்பு, சீயக்காய், வெயில் எதற்கும் அந்தக் கறை போகவில்லை. அதைக் கட்டிக்கொண்டே ஓரிக்கையில் நடந்த ஏகாம்பரத்தின் கல்யாணத்துக்குப் போனாள். மடியில் அவ்வளவு பெரிய கறை என்ன என்று புது மருமகள் கேட்டிருக்கிறாள். "அது நம்ம சரசு எழுதன பரீச்ச" என்று சொல்லிவிட்டு, முழுக் கதையையும் பந்தியில் உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் கதைக்கு முன்னால் புடவை வந்துவிடும்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அத்தை வந்தாள். துணிப்பையிலிருந்து அந்த அரக்குப் பட்டுப் புடவையை எடுத்து என் கையில் வைத்தாள். கறை இருக்கிற பக்கம் மேலே இருக்கும்படி மடித்திருந்தாள்.

"இந்தா. உள்ள மடிச்சி மறச்சி கட்டாத, வெளிய தெரியற மாதிரி கட்டு. நீ மேல படிக்கறதுக்கு நா போட்ட கையெழுத்துடி இது."